கரண்ட் வந்ததும் தானாக எழ வேண்டும்: லினக்ஸ் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. திரையில் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய புரோகிராம்களை, அதாவது சர்வீஸ்களை, எப்படிக் கட்டி மேய்ப்பது? அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். சிஸ்டம்சிடிஎல் என்று இங்கே படித்தால் சிஸ்டம், அதோடு ஒட்டி சி, டி, எல், இடையில் இடைவெளி கிடையாது.

கேள்வி: சிம்மக்கல் பக்கம் அச்சகம் வைத்திருக்கிறோம் சார். ஆர்டர், பில் எல்லாம் என் மகன் பைத்தானில் எழுதிக் கொடுத்த சின்ன புரோகிராமில்தான். உபுண்டு 22.04 போட்ட ஒரு மெஷினில் அது ஓடும், மற்ற மூன்று கம்ப்யூட்டரிலும் பிரவுசரில் திறந்து பார்ப்போம். மகன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். கரண்ட் போய் வந்தால் மெஷின் தானே ஆன் ஆகிவிடுகிறது, புரோகிராம் மட்டும் எழுவதில்லை. அவனுக்குப் போன் போட்டு, அவன் சொல்லச் சொல்ல 'நோஹப்' என்று ஆரம்பிக்கும் ஒரு வரியைத் தட்டுகிறேன். முகூர்த்த சீசனில் பத்திரிகை வாங்க ஆட்கள் நிற்கும்போது இது பெரிய தொந்தரவாக இருக்கிறது.
(அச்சக உரிமையாளர், சிம்மக்கல்)

பதில்: நோஹப் செய்வது ஒரே ஒரு வேலைதான் ஐயா. டெர்மினலை மூடினாலும் புரோகிராம் சாகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவே. புரோகிராம் நடுவில் விழுந்தால் தூக்கி நிறுத்த ஆள் இல்லை, மெஷின் மறுபடி எழுந்தால் கூப்பிட ஆள் இல்லை. அந்த ஆள்தான் இனிட். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுந்ததும் முதலில் ஓடவிடும் புரோகிராம் அது, அதனால் அதன் எண் எப்போதும் 1. உங்கள் உபுண்டுவில் அந்த 1-ஆம் எண் ஆளின் பெயர் சிஸ்டம்டி. உங்கள் பில் புரோகிராமை அதன் கையில் ஒப்படைத்துவிட்டால் மகனுக்குப் போன் போட வேண்டியதில்லை.

ஒப்படைப்பது ஒரு சின்ன ஃபைல் எழுதுவதில் இருக்கிறது. இடிசி ஃபோல்டர், அதற்குள் சிஸ்டம்டி, அதற்குள் சிஸ்டம். அங்கே 'பில்.சர்வீஸ்' என்று ஒரு ஃபைல். உள்ளே இவ்வளவுதான்:

[யூனிட்]
டிஸ்கிரிப்ஷன்=அச்சக பில்
வான்ட்ஸ்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்
ஆஃப்டர்=நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்

[சர்வீஸ்]
யூசர்=அச்சகம்
வொர்க்கிங்டைரக்டரி=/ஹோம்/அச்சகம்/பில்
எக்ஸெக்ஸ்டார்ட்=/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 -யூ /ஹோம்/அச்சகம்/பில்/மெயின்.பிஒய்
ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெய்லியர்
ரீஸ்டார்ட்செக்=5

[இன்ஸ்டால்]
வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்

இந்த ஃபைலில் மட்டும் சதுர அடைப்புக்குள்ளும் சமக்குறிக்கு முன்னாலும் வரும் சொற்களில் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து, ExecStart என்பதுபோல. 'அச்சகம்' என்று நான் போட்ட இடங்களில் உங்கள் மெஷினில் உள்ள யூசர் பெயரைப் போடுங்கள். 'யூசர்=' வரியை விட்டுவிட்டால் புரோகிராம் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசராக ஓடும். பில் போடும் புரோகிராமுக்கு ரூட் அதிகாரம் எதற்கு? கட்டாயம் எழுதுங்கள். எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் பாதையை முழுதாக எழுதுங்கள். டெர்மினலில் நீங்கள் எந்த ஃபோல்டரில் நிற்கிறீர்கள் என்பது சிஸ்டம்டிக்குத் தெரியாது, 'மெயின்.பிஒய்' என்று மொட்டையாகப் போட்டால் எங்கே தேடும்? நடுவில் இருக்கும் '-யூ' சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் அது இல்லாவிட்டால் பைத்தான் தான் அச்சிடுவதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு நேரம் கழித்துத்தான் வெளியே விடும், லாக், அதாவது புரோகிராமின் பதிவேடு, காலியாகக் கிடக்கிறதே என்று நீங்கள் குழம்புவீர்கள்.

ரீஸ்டார்ட்செக்=5 போட்டதற்கும் காரணம் உண்டு. விழுந்த புரோகிராமை எவ்வளவு நேரம் விட்டு எழுப்புவது என்பதைச் சொல்லும் வரி அது. சொல்லாவிட்டால் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. அதோடு, 10 விநாடிக்குள் 5 முறை எழுப்பியும் நிற்கவில்லை என்றால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும் என்று இன்னொரு விதியும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். டேட்டாபேஸ் எழக் கொஞ்சம் தாமதமானால் உங்கள் புரோகிராம் கண் மூடித் திறப்பதற்குள் ஐந்து முறை விழுந்துவிடும், அத்தோடு சரி, அதன்பிறகு யாரும் எழுப்ப மாட்டார்கள். 5 விநாடி இடைவெளி கொடுத்தால் அந்தக் கணக்குக்குள் சிக்காது, திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும்.

ஃபைலைச் சேமித்ததும் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் டெய்மன்-ரீலோட்'. சூடோ என்றால் ரூட் அதிகாரத்தோடு ஓட்டு என்பது, சிஸ்டம்சிடிஎல் என்பது சிஸ்டம்டியிடம் பேசும் கட்டளை. இது புதிய ஃபைலைப் படிக்கச் சொல்வது, ஃபைலைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் தேவை. அப்புறம் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் பில்'. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஸ்டார்ட் என்றால் இப்போது ஓடு. எனேபிள் என்றால் இனிமேல் மெஷின் எழும்போதெல்லாம் ஓடு. இரண்டும் வேறு வேறு. ஸ்டார்ட் மட்டும் செய்துவிட்டு, ஓடுகிறது பார் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனால் அடுத்த கரண்ட் கட்டில் பழைய கதைதான். எனேபிள் மட்டும் செய்தால் அடுத்த பூட் வரை ஒன்றும் நடக்காது. '--நவ்' சேர்த்தால் இரண்டும் ஒன்றாக நடக்கும்.

கடைசியாக, வேலை செய்கிறதா என்று பார்க்க 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் பில்'. பச்சையில் 'ஆக்டிவ், ரன்னிங்' என்று வந்தால் நல்லது. சிவப்பில் ஒரு எண் வந்தால் அதைப் பாருங்கள். 203 என்றால் எக்ஸெக்ஸ்டார்ட் பாதையில் தப்பு, அல்லது அந்த ஃபைலை ஓட்ட அனுமதி இல்லை. 217 என்றால் யூசர் பெயர் தப்பு. 200 என்றால் வொர்க்கிங்டைரக்டரியில் சொன்ன ஃபோல்டர் இல்லை. புரோகிராமுக்குள்ளேயே கோளாறு என்றால் 'ஜர்னல்சிடிஎல் -யூ பில் -பி', கடைசியாக மெஷின் எழுந்ததிலிருந்து அது பேசியதெல்லாம் வரும். ஒருமுறை நீங்களே மெஷினை ரீபூட் செய்து பாருங்கள், கூட்டம் இல்லாத ஒரு மத்தியானமாக.

கேள்வி: நான் டெபியன் வைத்திருக்கிறேன். சிஸ்டம்டி மோசம், அதை விட்டு வெளியே வா, டெவுவானோ வாய்டோ (சிஸ்டம்டி இல்லாத லினக்ஸ் வகைகள்) போடு என்று நண்பன் ஒருவன் வாரம் ஒருமுறை சொல்கிறான். இது உண்மையிலேயே அவ்வளவு மோசமா? பழைய முறைதான் நல்லதா?
(மேலூர் வாசகர்)

பதில்: உங்கள் நண்பர் சொல்லும் குற்றச்சாட்டில் விஷயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பழைய முறையில் பல வருஷம் மதுரைக்குள் மெஷின் மெஷினாக அலைந்தவன் என்ற முறையில், பழையதுதான் பொற்காலம் என்பதை ஏற்க முடியாது.

பழைய சிஸ்-ஃபைவ் இனிட்டில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் 'இனிட்.டி' ஃபோல்டரில் இருக்கும். எந்த ரன்லெவலில், அதாவது மெஷினின் எந்த இயக்க நிலையில், எது எழ வேண்டும் என்பதற்கு எஸ், கே என்று ஆரம்பிக்கும் லிங்குகள். எஸ் என்றால் எழுப்பு, கே என்றால் நிறுத்து, பக்கத்தில் இரண்டு இலக்க எண் வரிசை. எளிமையானது, திறந்து படித்தால் புரியும். இதை நான் மதிக்கிறேன். ஆனால் எழுப்பிவிட்ட பிறகு அந்த ஆள் இருக்கிறானா, போய்விட்டானா என்று இனிட் திரும்பிப் பார்க்காது. அதற்காகப் பிஐடி ஃபைல் என்று ஒன்றை வைத்துக்கொண்டோம். சர்வீஸ் தன் எண்ணை அதில் எழுதி வைக்கும், நிறுத்தும்போது அந்த எண்ணைப் பார்த்து நிறுத்துவோம்.

கோரிப்பாளையம் பக்கம் ஒரு மருந்துக் கடைக்கு நான் அப்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். பிஐடி ஃபைலைப் புரோகிராம் இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்தேன், கைக்கு வசதி என்று. ஒரு நாள் கரண்ட் பொட்டென்று போனது, யுபிஎஸ் தாங்கவில்லை. மெஷின் மறுபடி எழுந்தபோது புரோகிராம் எழவில்லை. 'ஏற்கெனவே ஓடுகிறது' என்று ஸ்கிரிப்ட் சொல்கிறது. போய்ப் பார்த்தால், பழைய பிஐடி ஃபைல் அழியாமல் அப்படியே இருக்கிறது, அதில் 1 என்று ஆரம்பிக்கும் ஒரு நாலு இலக்க எண். அந்த எண்ணில் உண்மையிலேயே ஒரு புரோகிராம் ஓடிக்கொண்டும் இருந்தது, ஆனால் அது கடையின் புரோகிராம் அல்ல, பிரிண்டர் சர்வீஸ். மெஷின் எழுந்தபோது அதே எண் அதற்குப் போயிருக்கிறது. அந்த நேரத்தில் யாராவது ஸ்டாப் கொடுத்திருந்தால் என் ஸ்கிரிப்ட் பிரிண்டரைக் கொன்றிருக்கும். தப்பு என்னுடையதுதான். பூட்டின்போது துடைக்கப்படும் இடத்தில் அந்த ஃபைலை வைத்திருக்க வேண்டும். ஆனாலும் ஒரு எண்ணை எழுதி வைத்து அதை நம்பும் முறையே பலவீனமானது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

சிஸ்டம்டி அந்த எண்ணை நம்பி இருப்பதில்லை. ஒவ்வொரு சர்வீஸையும் கெர்னலின் சிகுரூப் என்ற தனித்தனி வளையத்துக்குள் வைக்கிறது. சர்வீஸ் தனக்குக் கீழே பத்துப் புரோகிராமைக் கிளப்பினாலும் அவையும் அதே வளையத்துக்குள்தான். நிறுத்து என்றால் வளையத்தில் உள்ள எல்லாம் நிற்கும். எனக்கு இந்த ஒன்றே பெரிய காரணம்.

வரலாறு தெரிந்தால் சண்டையும் புரியும். உபுண்டு 2006-இல் அப்ஸ்டார்ட் என்று ஒரு மாற்றைக் கொண்டுவந்தது. 2010-இல் லென்னார்ட் போட்டரிங், கே சீவர்ஸ் இருவரும் சிஸ்டம்டியைத் தொடங்கினார்கள், அடுத்த வருஷம் ஃபெடோரா 15 அதற்கு மாறியது. டெபியனில் 2014 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குழு இதை முடிவு செய்தபோது ஓட்டு சமமாகப் பிரிந்து, தலைவரின் ஓட்டில்தான் சிஸ்டம்டி தேறியது. அவ்வளவு நெருக்கம். 2015 ஏப்ரலில் டெபியன் 8, உபுண்டு 15.04 இரண்டும் அதோடு வந்தன. ஏற்காதவர்கள் பிரிந்து போய் உண்டாக்கியதுதான் உங்கள் நண்பர் சொல்லும் டெவுவான், அதன் முதல் நிலையான பதிப்பு 2017-இல் வந்தது. அவர்களுடைய வருத்தம் என்னவென்றால், இனிட் என்று வந்தது லாகின், லாக், நேரம், நெட்வொர்க் என்று ஒவ்வொன்றாகத் தனக்குள் இழுத்துக்கொண்டது என்பது. அந்த வருத்தம் நியாயமானது. லாக்கைச் சாதாரண டெக்ஸ்டாக வைக்காமல் தனி வடிவத்தில் வைப்பது எனக்கும் பிடிக்கவில்லை.

ஆனால் நீங்கள் கேட்டது, மாற வேண்டுமா என்று. உங்கள் மெஷின் ஒழுங்காக ஓடுகிறது, டெபியன் பழகிவிட்டது என்றால் இனிட்டுக்காக மட்டும் மாற வேண்டாம் என்பேன். இன்னொரு பழைய லேப்டாப் சும்மா கிடந்தால் அதில் வாய்டு போட்டுப் பாருங்கள், கற்றுக்கொள்ள அருமையான இடம். நண்பரோடு பேசவும் வசதியாக இருக்கும்.

கேள்வி: அண்ணே, கல்லூரியில் டாக்கர் (புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆல்பைன் என்ற சின்ன லினக்ஸ் கன்டெய்னருக்குள் போய் சிஸ்டம்சிடிஎல் தட்டினால் அப்படி ஒன்று இல்லை என்கிறது. உபுண்டு கன்டெய்னரில் சிஸ்டம்டியை இன்ஸ்டால் செய்து பார்த்தேன், 'சிஸ்டம்டியை இனிட்டாக வைத்து பூட் ஆகவில்லை' என்று சொல்லி நின்றுவிடுகிறது. எதுவும் பிடிபடவில்லை.
(மாணவர், திருப்பரங்குன்றம்)

பதில்: தம்பி, எந்த மெஷினுக்குள் போனாலும் முதலில் 1-ஆம் எண்ணில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார். 'பிஎஸ்' கட்டளை கொடுத்தாலே தெரியும். நீ கன்டெய்னருக்குள் பார்த்தால் அங்கே 1-ஆம் எண்ணில் ஷெல்லோ உன் புரோகிராமோதான் இருக்கும். இனிட் என்ற ஆளே அங்கே இல்லை, பிறகு சிஸ்டம்சிடிஎல் யாரிடம் போய்ப் பேசும்? இன்ஸ்டால் செய்தாலும் ஃபைல் வரும், 1-ஆம் எண் இடத்துக்கு வராது. அதைத்தான் அந்தச் செய்தி சொல்கிறது.

ஒரு கன்டெய்னருக்கு ஒரு புரோகிராம் என்று வைத்துக்கொள். அதைக் கவனிக்கும் வேலை வெளியே டாக்கருடையது, 'டாக்கர் ரன்' கொடுக்கும்போது '--ரீஸ்டார்ட் அன்லெஸ்-ஸ்டாப்ட்' சேர்த்தால் போதும். 1-ஆம் எண்ணில் இருப்பதால் உன் புரோகிராமுக்கு ஒரு கூடுதல் பொறுப்பும் வரும். நிறுத்தச் சொல்லும் சிக்னலை அது தானே கையாளவில்லை என்றால் கெர்னல் அதை நிறுத்தாது, 'டாக்கர் ஸ்டாப்' கொடுத்தால் 10 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் பலவந்தமாகக் கொல்லும். '--இனிட்' என்று சேர்த்தால் ஒரு குட்டி இனிட் முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொள்ளும்.

ஆல்பைனை நிஜமான மெஷினில் போட்டால் கதை வேறு. அங்கே சர்வீஸ்களைக் கவனிக்க ஓபன்ஆர்சி இருக்கும். உதாரணத்துக்கு என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை இப்போது ஓட்ட 'ஆர்சி-சர்வீஸ் என்ஜின்எக்ஸ் ஸ்டார்ட்', பூட்டிலேயே எழ 'ஆர்சி-அப்டேட் ஆட் என்ஜின்எக்ஸ் டிஃபால்ட்', என்னென்ன ஓடுகிறது என்று பார்க்க 'ஆர்சி-ஸ்டேட்டஸ்'. மேலே அச்சகக்காரருக்குச் சொன்ன ஸ்டார்ட், எனேபிள் பிரிவினை இங்கேயும் அப்படியே இருக்கிறது பார். வீட்டில் விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருந்தால், 2022 செப்டம்பரிலிருந்து அதில் சிஸ்டம்டி வேலை செய்கிறது. 'டபிள்யூஎஸ்எல்.கான்ஃப்' ஃபைலில் [பூட்] தலைப்பின் கீழ் சிஸ்டம்டி=ட்ரூ என்று எழுதி, டபிள்யூஎஸ்எல்லை நிறுத்தித் திரும்ப ஆரம்பி. பயிற்சிக்கு அதுவே போதும்.

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் மல்லிகைத் தோட்டம் எங்களுடையது. மண் ஈரத்தை அளந்து எழுதி வைக்க ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று மோட்டார் ரூமில் இருக்கிறது. கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் புரோகிராம்) ரீபூட் வரி போட்டு வைத்திருக்கிறேன். கரண்ட் வந்த பிறகு சில சமயம் ஓடுகிறது, சில சமயம் இல்லை. ஓடினாலும் சில அளவுகளில் நேரம் தப்பாகப் பதிவாகிறது, காலை ஏழு மணிக்கு எடுத்தது முந்தின இரவு என்று வருகிறது.
(விவசாயி, உசிலம்பட்டி)

பதில்: அண்ணே, இங்கே இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. நேரத்தை முதலில் பார்ப்போம். பை 4-இல் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. கரண்ட் போனால் நேரம் அங்கேயே நின்றுவிடும். மறுபடி எழும்போது கடைசியாகத் தெரிந்த நேரத்திலிருந்து ஓட ஆரம்பித்து, நெட் கிடைத்த பிறகுதான் சரியான நேரத்துக்குத் தாவும். அதற்கு முன்பே உங்கள் ஸ்கிரிப்ட் அளந்து எழுதிவிடுகிறது. நேரம் சரியாகும் வரை காத்திரு என்று சிஸ்டம்டியிடம் சொல்ல முடியும். 'சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க்' என்ற சர்வீஸை எனேபிள் செய்துவிட்டு, உங்கள் ஸ்கிரிப்டுக்கு மேலே அச்சகக்காரருக்குச் சொன்னதுபோல ஒரு சர்வீஸ் ஃபைல் எழுதி அதில் ஆஃப்டர்=டைம்-சிங்க்.டார்கெட் போடலாம். ஆனால் தோட்டத்தில் சிக்னல் நம்ப முடியாது என்பீர்கள், நெட் வரவே இல்லையென்றால் அது காத்துக்கொண்டே கிடக்கும், அன்றைக்கு ஒரு அளவும் கிடைக்காது. அதனால் என் யோசனை, டிஎஸ்3231 என்ற சின்ன கடிகார மாட்யூல் ஒன்றை வாங்கி ராஸ்பெர்ரி பை 4-இல் மாட்டிவிடுங்கள், பட்டன் பேட்டரியில் ஓடும், விலையும் அதிகமில்லை. மென்பொருளில் சுற்றி வளைப்பதைவிட இது உறுதி.

ஓடுவதும் ஓடாததும் எதனால்? கிரானின் ரீபூட் வரி யாருக்கும் காத்திருக்காது, சென்சார் தயாரா, நெட் வந்ததா என்று கேட்காது, ஒருமுறை ஓட்டும், விழுந்தால் விழுந்ததுதான். 15 நிமிஷத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும் என்றால் எப்போதும் ஓடும் புரோகிராமே வேண்டாம். ஒரே ஒரு முறை அளந்துவிட்டு முடியும் ஸ்கிரிப்டாக மாற்றி, அதை டைப்=ஒன்ஷாட் சர்வீஸாக எழுதி, பக்கத்தில் அதே பெயரில் '.டைமர்' ஃபைல் ஒன்று வைத்து ஆன்காலண்டர்=*:0/15 என்று போடுங்கள். ஒருமுறை தவறினாலும் அடுத்த கால் மணியில் புதிதாக எழும். எனேபிள் செய்ய வேண்டியது டைமரை, சர்வீஸை அல்ல.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். லாக் எழுதி எழுதி மெமரி கார்டு தேய்ந்துவிடும். 'ஜர்னல்டி.கான்ஃப்' ஃபைலில் ஸ்டோரேஜ்=வாலடைல் என்று மாற்றினால் லாக் ரேமில் மட்டும் இருக்கும். கரண்ட் போனால் லாக் போய்விடும், ஈர அளவுகள் உங்கள் சொந்த ஃபைலில் பத்திரமாக இருக்கும்.

கேள்வி: பிரிண்டர் சர்வீஸை ஸ்டாப் செய்கிறேன், கொஞ்ச நேரத்தில் தானே எழுந்துகொள்கிறது. டிஸேபிள் செய்தும் பார்த்தேன். எங்கள் மெஷினுக்குப் பிரிண்டரே கிடையாது.
(டவுன்ஹால் ரோடு வாசகி)

பதில்: நிறுத்தும்போது வரும் எச்சரிக்கையைப் படித்துப் பாருங்கள், 'கப்ஸ்.சாக்கெட், கப்ஸ்.பாத் வழியாக மறுபடி எழலாம்' என்ற அர்த்தத்தில் ஒரு வரி இருக்கும். கப்ஸ் என்பதுதான் அந்தப் பிரிண்டர் சர்வீஸின் பெயர். சாக்கெட் என்பது வாசலில் காத்திருக்கும் காவல்காரர்போல, யாராவது கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவரை எழுப்பிவிடும். அதனால் கப்ஸ்.சர்வீஸ், கப்ஸ்.சாக்கெட், கப்ஸ்.பாத் மூன்றையும் சேர்த்து நிறுத்த வேண்டும். முற்றிலும் வேண்டாம் என்றால் 'சூடோ சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் --நவ்' என்று கொடுத்து மூன்றின் பெயரையும் எழுதுங்கள். மாஸ்க் செய்ததை வேறு சர்வீஸ் கேட்டாலும் எழுப்ப முடியாது. பின்னால் பிரிண்டர் வாங்கினால் 'அன்மாஸ்க்' செய்ய மறக்காதீர்கள், ஏன் ஓடவில்லை என்று அன்றைக்குத் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: வாய்டு லினக்ஸில் என் சொந்த சர்வருக்கு 'ரன்' ஸ்கிரிப்ட் எழுதி லிங்க் கொடுத்தேன். முதலில் கிளம்பிய சர்வர் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் 'எஸ்வி ஸ்டேட்டஸ்' ஒரு விநாடிதான் ஆகிறது என்கிறது, லாக்கில் 'போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில்' என்று விநாடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கிறது.
(வாடிப்பட்டி வாசகர்)

பதில்: உங்கள் சர்வர் தொடங்கியதும் தானே பின்னணிக்குப் போய்விடுகிறது. வாய்டில் சர்வீஸ்களைக் கவனிக்கும் ரன்இட் அதைப் பார்த்து, நான் தொடங்கிய ஆள் முடிந்துவிட்டார் என்று நினைத்து, ஒரு விநாடி கழித்து இன்னொன்றைத் தொடங்குகிறது. அதுவோ முதல் சர்வர் பிடித்து வைத்திருக்கும் போர்ட்டில் மோதி விழுகிறது. மறுபடி இன்னொன்று. ரன்இட்டுக்குப் புரோகிராம் தன் கண்முன்னே, முன்னணியில் ஓட வேண்டும். பெரும்பாலான சர்வர்களில் 'ஃபோர்கிரவுண்ட்' அல்லது 'நோ டெய்மன்' என்ற பொருளில் ஒரு ஆப்ஷன் இருக்கும், அதைச் சேருங்கள். ஸ்கிரிப்டின் கடைசி வரி 'எக்ஸெக்' என்று ஆரம்பிக்கட்டும், இல்லையென்றால் ரன்இட் பிடித்து வைத்திருப்பது ஷெல்லை, 'எஸ்வி டவுன்' கொடுத்தால் ஷெல் மட்டும் போய் உங்கள் சர்வர் அநாதையாக ஓடிக்கொண்டிருக்கும்.

திருத்தும் முன் 'எஸ்வி டவுன்' கொடுத்து நிறுத்திவிட்டு, பின்னணியில் தங்கிவிட்ட அந்த முதல் சர்வரை, பெயர் சொல்லிப் புரோகிராமை நிறுத்தும் 'பி-கில்' (பி, கில் சேர்த்து ஒரே சொல்லாக) கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். அப்புறம் 'எஸ்வி அப்' கொடுத்து, அரை நிமிஷம் விட்டு ஸ்டேட்டஸ் பாருங்கள். விநாடிக் கணக்கு 30-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் சரியாகிவிட்டது.